நின்ற இடத்தில் எரிந்த விளக்கு

வயர்க்காரர் கடைக்கு யார் வண்டியைக் கொண்டுவந்தாலும் முதலில் உட்கார ஒரு நாற்காலி கிடைக்கும். அடுத்து மடியில் ஒரு தகர டப்பா வந்து உட்காரும்.

"கழட்டறதெல்லாம் இதுல விழும். நீங்களே வச்சுக்குங்க. அப்புறம் ஒரு ஸ்குரூ குறையுதுன்னு வந்து நிக்கக் கூடாது பாருங்க" என்பார்.

வக்கீலாக இருந்தாலும் சரி, பால் ஊற்றுகிறவராக இருந்தாலும் சரி, டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

கடை எட்டடி அகலம், பதினோரு அடி நீளம். முப்பத்தொரு வருஷமாக அதில் மோட்டார் சைக்கிளின் மின்சார வேலை மட்டும்தான் நடக்கிறது. என்ஜின் பக்கம் அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. கம்பெனிக்காரன் போட்ட வயரும் அவருக்குப் பெரிதாகச் சோறு போட்டதில்லை. சோறு போட்டதெல்லாம் வண்டி வாங்கியவர்கள் ஆசை ஆசையாகப் பிறகு மாட்டிக்கொண்ட சாமான்கள்: கூடுதல் விளக்கு, கூடுதல் ஹாரன், போன் சார்ஜர், திருட்டு அலாரம். ஒருவர் மாட்டியதன்மேல் இன்னொருவர் மாட்டி, அதற்குமேல் வண்டிக்காரரே டேப் சுற்றி, கடைசியில் ஹாரன் அடித்தால் சிக்னல் விளக்கு கண்ணடிக்கும் நிலைமையில் வண்டி அவரிடம் வந்து சேரும். சீட்டைத் தூக்கிப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்.

"இது எந்தப் புண்ணியவான் கைவேலை?"

அவர் வைத்தியமும் ஒன்றுதான். கூடுதலாக மாட்டிய அத்தனையையும் கழற்றி, வண்டி பிறந்தபோது இருந்த கோலத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் வண்டியை ஓடவிட்டுப் பார்ப்பார். எதை மாட்டியதும் கோளாறு தலைகாட்டுகிறதோ அதுதான் திருடன். இரண்டு நாளாகும். "குறுக்கு வழி இல்லையா?" என்று கேட்டவர்களுக்கு, "இருக்கு, அதுல வந்துதானே இங்க உட்கார்ந்திருக்கீங்க" என்பார்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு வண்டியில் மட்டும் தன் வைத்தியத்தைச் செய்யவில்லை. அது அவர் மனைவியின் வண்டி.

மனைவி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வீடாகப் போகிற நர்ஸ். நோயாளிகளுக்கு அவள் சிஸ்டர், கடைத்தெருவுக்கு நர்ஸம்மா. காலை ஏழு நாற்பதுக்கு வண்டியை எடுத்தால் இருபத்தொரு வீடு, முப்பத்தாறு கிலோமீட்டர். எழுந்து நடக்க முடியாதவர்களுக்குப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, சர்க்கரை பார்ப்பது. வண்டி முன்பு அவருடையதாக இருந்த பழைய மோட்டார் சைக்கிள். வயது பத்தொன்பது. "ஸ்கூட்டர் வாங்கித் தர்றேன்" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தார். "இது என் பேச்சைக் கேக்குது. புதுசு வந்து எப்போ கேக்கறது?" என்றாள்.

அவருக்குத் துணிமணி எடுக்கத் தெரியாது. நகைக்கடை வாசலில் நின்றால் வியர்க்கும். தெரிந்ததெல்லாம் வயர். அதனால் பதினோரு வருஷத்தில் அந்த வண்டியில் ஐந்து சாமான்கள் ஏறின. முதலாவது, ஒரு மழைக்காலத்தில் அவள் சாக்கடைக்குள் வண்டியோடு இறங்கிய மறுநாள் ஹேண்டிலுக்குக் கீழே மாட்டிய உருண்டை விளக்கு. அடுத்தது இரட்டை ஹாரன். பிறகு போன் சார்ஜர். பிறகு, சிக்னல் போட்டுவிட்டு அணைக்க மறக்கிறாள் என்று ஒரு கீச்சுச் சத்தம். கடைசியாக, மருந்துப் பெட்டி மூடியைத் திறந்தால் தானே எரிகிற குட்டி விளக்கு.

"மத்தவங்க வீட்டுக்காரர் பிறந்த நாளைக்குச் சேலை எடுத்துக் குடுப்பார், எனக்கு ஹாரன்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிச் சிரிப்பாளாம். சிரித்துவிட்டு ஒருமுறை அடித்தும் காட்டுவாளாம்.

அந்த வண்டி நான்காம் தேதி, சனிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு, சுற்று முடிவதற்குள் செத்துப்போனது. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, உதைத்தால் ஸ்டார்ட்டும் இல்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். வண்டி முழுவதுக்குமான மெயின் பியூஸ் போயிருந்தது. நீலத்தில் தட்டையாக இருக்கும் பதினைந்து ஆம்பியர் பியூஸ். புதிதாக ஒன்று போட்டதும் வண்டி ஒன்றுமே நடக்காதது போல் ஓடியது. கையிருப்புக்கு இன்னொன்றைக் கொடுத்தனுப்பினார். ஒன்பதாம் தேதி அதுவும் போயிற்று.

பத்தாம் தேதி சோறு போடும்போது அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"டாக்டரம்மா கூப்பிட்டாங்க."

"என்னவாம்?"

"இந்த மாசம் முடியறதுக்குள்ள இன்னொரு தடவை வீடு விட்டுப்போச்சுன்னா, வேனை விட்டுடுவாங்களாம். வாரத்துக்கு ரெண்டு நாள் போகுமாம்."

"நீ?"

"மேஜைக்குப் பின்னாடி உட்கார்ந்து சீட்டு எழுதிக் குடுக்கணுமாம்." குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டாள். "லேத் பட்டறைப் பெரியவர் சந்துக்குள்ள வேன் நுழையாதுங்க. அவருக்குத் தினம் கட்டு மாத்தணும். ரெண்டு நாள் விட்டா காலையே எடுக்கச் சொல்லிடுவாங்க."

அவள் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் நான்கு மாதம் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே வண்டியைக் கடைக்குள் ஏற்றினார். ஒவ்வொரு இணைப்பையும் ஆட்டிப் பார்த்தார். தண்ணீர் தெளித்துப் பார்த்தார். சாவியைப் போட்டுவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாற்பது தடவை திருப்பினார். ஒன்றுமில்லை. உருண்டை விளக்கை எரியவிட்டு இருபது நிமிஷம் எதிரே உட்கார்ந்து பார்த்தார். ஜம்மென்று எரிந்தது. அந்த விளக்குக்கென்று தனியாக அவர் வைத்திருந்த சின்னக் கண்ணாடி பியூஸைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே இழை அறுபடாமல் முழுசாக இருந்தது. மீட்டர் வைத்தால், விளக்குக்குப் போகிற வயர் வண்டியின் இரும்போடு சேர்ந்திருப்பதாகத்தான் எப்போதும் கத்தும். பல்பின் இழை வழியாகவே அது இரும்புக்குப் போய்விடுகிறது. ஆகவே மீட்டரின் பேச்சு இங்கே எடுபடாது. கண்ணாடி பியூஸ் முழுசாக இருக்கிறது என்பதால் விளக்கு நல்ல பிள்ளை என்று முடிவு கட்டினார்.

அவர் கண் பழைய கண் இல்லை என்பது கடைத்தெருவுக்கே தெரியும். கட்டிக் கொடுத்த மகள் போன வருஷம் வாங்கித் தந்த படிக்கிற கண்ணாடி அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்தது. "வயரைக் கையால பாக்கறவனுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்பது அவர் வாதம்.

பக்கத்துக் கடை பஞ்சர்க்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே குரல் கொடுத்தார். "என்னண்ணே, ஊர் வண்டிக்கெல்லாம் ரெண்டு நாள்ல திருடனைப் பிடிக்கிறீங்க, வீட்டுத் திருடன் மட்டும் சிக்க மாட்டேங்கிறான்?"

"உன் வேலையைப் பாரு."

"பாத்துட்டுதான் இருக்கேன். என் ஓட்டை குமிழி விட்டுக் காட்டிக் குடுத்துடும். உங்க ஓட்டை வாயே திறக்க மாட்டேங்குது."

அவருக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவளே வழி சொன்னாள்.

"எல்லாருக்கும் சொல்றதை எனக்கும் செய்யுங்களேன். கழட்டிப் பாருங்க."

"எதைக் கழட்டறது?"

"ஹாரனைக் கழட்டுங்க. சார்ஜர், கீச்சுச் சத்தம், பெட்டி லைட்டு எல்லாத்தையும் கழட்டுங்க." ஹேண்டில் பக்கம் கையைக் காட்டினாள். "அந்த உருண்டை லைட்டு மட்டும் இருக்கட்டும்."

முதல் முதலில் மாட்டியது என்று அவளுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மறுபேச்சுப் பேசாமல் மற்ற நான்கையும் கழற்றினார். அன்று தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் நர்ஸம்மா.

ஒன்பது நாள் வண்டி தேர் மாதிரி ஓடியது. அவர் விசிலடிக்க ஆரம்பித்தார். பெட்டி லைட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, "நீதானா?" என்று அதைக் குற்றவாளியாகவே நடத்தினார்.

இருபத்தோராம் தேதி செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா நடந்து வந்தாள். செருப்பெல்லாம் மண். இருபதாவது வீட்டில் வண்டி நின்றுவிட்டதாம். நல்ல வேளையாக மிச்சம் ஒரே வீடு. நடந்தே போய் முடித்துவிட்டாள். டாக்டரம்மா காதுக்கு எட்டாது.

"கையிருப்புல மூணு பியூஸ் குடுத்திருந்தேனே?"

"மூணும் போச்சு."

"மூணுமா?"

"ஒண்ணு போட்டேன், போச்சு. இன்னொண்ணு போட்டேன், அதுவும் போச்சு. கடைசி ஒண்ணும் அப்படியே."

அவர் விசில் நின்றது. "வண்டி ஓடலையே? நின்ன இடத்துலதானே இருந்துச்சு?"

"ஆமாங்க. பெரியவர் வீட்டு வாசல்ல."

நின்ற வண்டியில் மூன்று பியூஸ் போகிறது. அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கடையில் நிறுத்தி, நாலாவது பியூஸைப் போட்டால் மணிக்கணக்காக நிற்கிறது. பஞ்சர்க்காரர் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார்: "இடம் சரியில்லண்ணே."

வயர்க்காரர் சிரிக்கவில்லை. பஞ்சர்க்காரர் விளையாட்டாகச் சொன்னது சரிதான் என்று அவருக்குப் பட்டது. வண்டியைத்தான் இத்தனை நாள் பார்த்தார்; வண்டி நிற்கிற இடத்தைப் பார்க்கவே இல்லை.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றார்.

"எதுல வருவீங்க?"

"உன் வண்டியிலதான். பின்னாடி."

நர்ஸம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. "எதுக்குங்க? கடையை யாரு பாத்துக்கறது?"

"கடை எங்கயும் ஓடிப்போயிடாது."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அவள் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. மறுநாள் ஏழு நாற்பதுக்கு மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். பஞ்சர்க்காரர் வேலையைப் போட்டுவிட்டு நடுத்தெருவுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, கெட்டியாப் பிடிச்சுக்குங்க! கீழ விழுந்தா டியூபைத்தான் ஒட்டுவேன், உங்களை ஒட்டத் தெரியாது!"

முதல் திருப்பத்திலேயே அவர் அவள் தோளைப் பிடித்தார். "மெதுவாப் போயேன்."

"முப்பதுலதான் போறேன். பேசாம வாங்க."

மூன்றாவது வீட்டில் ஒரு மூதாட்டி ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து கோபமாகப் பார்த்தார். "பத்து நாளா உன் பாம் பாம் சத்தமே காணோமே சிஸ்டர்? அந்தச் சத்தம் கேட்டா எழுந்து வாசலுக்கு வர்றதுக்கு எனக்குச் சரியா இருக்கும். இப்ப நீ வந்து நின்னு நான் வர்றதுக்குள்ள உனக்குக் கால் மணி நேரம் போகுது."

ஏழாவது வீட்டில் தையல்காரப் பெண் போனை நீட்டிக்கொண்டே ஓடிவந்தாள். வண்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "இன்னும் சார்ஜ் போடறதை மாட்டலையாக்கா? அம்மாவுக்கு நீங்க கட்டுப் போடறதுக்குள்ள எனக்கு அரைவாசி ஏறிடும்."

வயர்க்காரர் பெட்டியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஹாரன் எதிரே வருகிற லாரிக்கு என்று மாட்டினார். அது ஒரு கிழவியை எழுப்பி நடக்கவைத்துக்கொண்டிருந்தது. சார்ஜர் அவள் போனுக்கென்று மாட்டினார். அது பாதித் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷமாகத் தான் எதை மாட்டினோம் என்று எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் புதுச் செய்தியாக இருந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு லேத் பெரியவர் வீடு வந்தது. ஐந்தடி அகலச் சந்து. வாசல் இடது கைப்பக்கம், தெருவைவிட ஒன்றரை அடி பள்ளத்தில். உள்ளே ஒரே அறை, ஜன்னல் இல்லை. கூரையில் தொங்கிய பல்பு, எரிகிறதா இல்லையா என்று அருகில் போய்த்தான் பார்க்க வேண்டும். பெரியவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் லேத்தில் இரும்பு கடைந்த கை, இன்னும் விரல்கள் எதையோ அளப்பது போல் மடங்கியிருந்தது.

நர்ஸம்மா வண்டியைச் சந்தில் நேராக நிறுத்தினாள். சாவியை எடுத்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கைபேசியில் விளக்கைப் போட்டு, அதைப் பல்லில் கடித்துக்கொண்டு, பழைய கட்டைப் பிரிக்கக் குனிந்தாள்.

பெரியவர் பொறுத்துப் பார்த்தார். "என்ன சிஸ்டர் இது, திருடப் போற மாதிரி? உங்க பெரிய லைட்டு எங்க?"

நர்ஸம்மா போனைக் கடித்தபடியே தலையை ஆட்டினாள்.

"இல்லைன்னா? நேத்திக்குக்கூட..." பெரியவர் வாசலில் நின்ற ஆளைப் பார்த்துப் பேச்சைத் திருப்பினார். "தம்பி யாரு?"

"வீட்டுக்காரர்" என்றாள், போனை வாயிலிருந்து எடுத்து.

"ஓ, லைட்டு மாட்டினவரா! நீங்க நல்லா இருக்கணும் தம்பி. வண்டியை வாசல் பக்கம் திருப்பி அந்த லைட்டைப் போட்டாங்கன்னா, ஆபரேஷன் ரூம் தோத்துப் போகும். வண்டி மறுபடி நின்னுடுமோன்னு பத்து நாளா போடாம இருந்தாங்க, புண்ணு ஓரத்துல சீழ் கட்டினது தெரியாமப் போச்சு. நேத்திக்குத்தான் திருப்பிப் போட்டுப் பாத்தாங்க. அதுக்குள்ள அதுவும்..."

வயர்க்காரர் சந்தில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ஜின் ஓடாம அந்த லைட்டைப் போடக் கூடாதுன்னு மாட்டின அன்னைக்கே சொன்னேன்" என்றார் வயர்க்காரர்.

"சொன்னீங்க."

"பேட்டரி இறங்கிடும்னு சொன்னேன்."

"சொன்னீங்க. இந்தச் சந்துக்குள்ள என்ஜினை ஓடவிட்டா புகையெல்லாம் உள்ளதான் வரும். இவருக்கு மூச்சு முட்டும். நான் என்ன பண்ணட்டும்?"

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷம் ரெண்டு மாசம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னா திட்டுவீங்க."

"திட்டுவேன்தான்!" என்றார். பிறகு குரல் இறங்கியது. "இப்போ போடு. எப்படிப் போடுவியோ அப்படியே போடு. ஒண்ணையும் மாத்தாத."

அவள் வெளியே வந்தாள். வண்டியை ஸ்டாண்டில் சாய்த்தாள். ஹேண்டிலை இடது கோடிவரை திருப்பி, இன்னும் ஒரு அழுத்து அழுத்தினாள். அப்போதுதான் விளக்கு வாசலுக்கு நேராக வரும். சாவியைப் போட்டு, விளக்கின் சுவிட்சைத் தட்டினாள்.

அறை பளிச்சென்று ஆனது. கட்டில், கால், கட்டு, சுவரில் மாட்டிய பழைய தொழிற்சாலைப் படம் எல்லாம் ஒரு வினாடி கண்முன் வந்து நின்றன. பிறகு சடக்கென்று இருட்டு. வண்டி செத்துவிட்டது.

"போச்சு!" என்று வயர்க்காரர் கைதட்டினார். "போச்சு! போச்சு!"

பெரியவர் பயந்துபோனார். "என்ன தம்பி, போனதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"பெரியவரே, பதினெட்டு நாளா இதுக்காகத்தான் தவம் கிடக்கறேன்!"

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளக்கு அணைந்திருக்கும்போது அந்த வயரில் மின்சாரமே இல்லை; ஹேண்டிலை நாற்பது தடவை திருப்பினாலும் அது வாய் திறக்காது. விளக்கை எரியவிட்டு இருபது நிமிஷம் பார்த்தபோது ஹேண்டில் நேராக இருந்தது. இரண்டும் சேர வேண்டும்: விளக்கும் எரிய வேண்டும், ஹேண்டிலும் இடது கோடிக்குப் போக வேண்டும். விளக்கைப் போட்டுக்கொண்டு ஹேண்டிலைக் கோடிவரை திருப்பி எவன் வண்டி ஓட்டுவான் என்று அவர் நினைத்திருந்தார். ஓட்டுகிறவர் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்தான். நிறுத்துகிறவர் செய்வார்.

"கட்டை முடிச்சுடறியா?" என்றார். ஹேண்டிலை நேராக்கினார். சீட்டைத் தூக்கிப் புதிய பியூஸ் போட்டார். ஹேண்டில் நேராக இருந்தால் வெளிச்சம் எதிர்ச் சுவரில்தான் விழும். ஆகவே வண்டியின் பின்சக்கரத்தைத் தூக்கித் தூக்கி வைத்து, அங்குலம் அங்குலமாக முழு வண்டியையுமே வாசல் பக்கம் திருப்பினார். சந்து அடைபட்டது. ஸ்டாண்ட் போட இடமில்லை. வண்டியை இடுப்பில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, "போடு" என்றார்.

பதினேழு நிமிஷம் அப்படியே நின்றார். இரண்டு பேர் வழி கேட்டு நின்றார்கள். "கொஞ்சம் இருங்கப்பா, உள்ள கட்டுப் போட்டுட்டு இருக்காங்க" என்றார். வெளிச்சத்தில் அவள் கைகள் மட்டும் தெரிந்தன. கத்தரிக்கோல் எடுப்பதும், சீழை ஒற்றுவதும், துணியைப் பிரித்து வைப்பதும். தான் ஒரு இணைப்பைப் பிரிக்கும்போது எப்படி அவசரப்படாமல் பிரிப்பாரோ அப்படியே இருந்தது. கை மரத்துப்போனதை அவர் வெளியே சொல்லவில்லை.

கட்டு முடிந்ததும் விளக்கின் கண்ணாடி பியூஸைக் கழற்றிக் கையில் எடுத்தார். அப்போதும் அதன் இழை முழுசாகவே இருந்தது. அதுதான் அவருக்கு இடித்தது. மெயின் பியூஸுக்கு முன்னால் இதுதானே செத்திருக்க வேண்டும்? இதைப் போட்டதே அதற்குத்தானே? விளிம்பில் ஏதோ எண் பொறித்திருந்தது. தூரத்தில் பிடித்தார், கிட்டே பிடித்தார். பெரியவர் தலையணைக்கு அடியிலிருந்து தம்முடைய கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

"போட்டுப் பாருங்க தம்பி. வெக்கப்படாதீங்க. நாற்பது வருஷம் நூல் அளவு பிசகாம கடைஞ்சவன் நான், எனக்கே வேண்டியிருக்கு."

போட்டுப் பார்த்தார். இருபது.

"நான் பத்துதானே போட்டேன்!"

நர்ஸம்மா கையுறையைக் கழற்றிப் பையில் போட்டாள். மெதுவாகச் சொன்னாள். "போன மாசக் கடைசியில லைட்டு மட்டும் ஒரு தடவை எரியாமப் போச்சு. நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க. உங்க டிராயர்லேருந்து ஒண்ணு எடுத்து நானே மாத்தினேன். அதே நீளம், அதே பருமன்."

"எண் பாக்கலையா?"

"பாக்கணும்னு எனக்கு என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியுமே, நீங்க பாத்தீங்களா?"

பெரியவர் கட்டில் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நர்ஸம்மா முதுகைத் தடவிவிட்டாள். வயர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மடித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

பத்து ஆம்பியர் பியூஸ் அன்றே செத்துத் தன் கடமையைச் செய்திருந்தது. அதன் இடத்தில் இருபதை உட்காரவைத்ததும், அதைவிடச் சின்னதான பதினைந்து ஆம்பியர் மெயின் முந்திக்கொண்டு உயிரை விட்டது. கூடவே வண்டியும் போயிற்று.

மிச்சமிருந்த ஒரு வீட்டுக்கும் ஹேண்டிலைக் கோடிவரை திருப்பாமல் பக்குவமாகப் போய் வந்தார்கள். திரும்பும் வழியில் அவர் பின்னாலிருந்து காதருகே கேட்டார்.

"அன்னைக்கு அந்த லைட்டு மட்டும் இருக்கட்டும்னு சொன்னியே. நான் வேற என்னவோ நினைச்சேன்."

"என்ன நினைச்சீங்க?"

"ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாரு."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

சாயங்காலம் ஹேண்டில் தண்டுப் பக்கம் டேப்பைப் பிரித்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் கையாலேயே வயரைக் கட்டிய பட்டை நைந்து அறுந்திருந்தது. வயர் தொய்வில்லாமல் இழுத்துக்கொண்டு, இரும்பு விளிம்பில் உரசி உரசி, எள்ளளவு இடத்தில் செம்பு வெளியே தெரிந்தது. படிக்கிற கண்ணாடி மூக்கின்மேல் இருந்ததால்தான் தெரிந்தது. அலமாரியில் அதன் உறை பிரிந்து கிடந்தது.

பஞ்சர்க்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, கண்ணாடியெல்லாம் பலமா இருக்கு? கடைசியில எந்தப் புண்ணியவான் கைவேலை?"

வயர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். "பாதி என்னது. பாதி என் பொண்டாட்டியோடது."

"அப்ப ஜோடிப் பொருத்தம் சரிதான்" என்று பஞ்சர்க்காரர் டியூபுக்குத் திரும்பினார்.

புதிய வயர் போட்டு, தண்டைச் சுற்றித் தாராளமாக ஒரு வளையம் விட்டுக் கட்டினார். பத்து ஆம்பியர் கண்ணாடி பியூஸை எண் பார்த்து, அவளிடமும் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லி மாட்டினார். பழைய பல்புக்குப் பதிலாகக் கால்வாசி மின்சாரத்தில் எரிகிற புது விளக்கைப் போட்டார். அதைக் கையால் எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். ஹேண்டிலைத் தொடவே வேண்டாம். நாற்பது நிமிஷம் என்ஜின் இல்லாமல் எரியவிட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். முதல் உதையில் எடுத்தது. ஹாரன், சார்ஜர், கீச்சுச் சத்தம், பெட்டி லைட்டு நான்கும் அவரவர் இடத்துக்குத் திரும்பின. பெட்டி லைட்டை மாட்டும்போது, "மன்னிச்சுக்கோ" என்று அதனிடம் சொன்னதை நர்ஸம்மா கேட்டுவிட்டாள்.

"அதுகிட்ட மட்டும்தானா?" என்றாள்.

"உன்கிட்ட எதுக்கு? நீயும்தான் டிராயர்ல கை வச்சே."

மாதம் முடிகிறவரை வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. முதல் தேதி டாக்டரம்மா எழுதிய புதுப் பட்டியலில் இருபத்தொரு வீடும் நர்ஸம்மா பெயருக்கே இருந்தன. இருபதாவது பெயர் லேத் பெரியவருடையது. வேன் வேறு பக்கத்துக்குப் போயிற்று. பெரியவரின் கால் அந்த வருஷக் கடைசியில் முழுசாக ஆறிவிட்டது.

இப்போதும் வயர்க்காரர் கடையில் நாற்காலி உண்டு, டப்பா உண்டு. ஆனால் சீட்டைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறார்.

"வண்டியை நிறுத்திட்டு என்ன பண்ணுவீங்க?"

போன வாரம் ஒரு வாத்தியார், பகல் வேளையில் நின்ற வண்டியின் ஹாரன் தானாக அடிக்கிறது என்று கொண்டுவந்திருந்தார். கேள்வியைக் கேட்டு முழித்தார். "நிறுத்திட்டு என்ன பண்ணுவாங்க? இறங்கிப் போவேன்."

"எப்படி இறங்குவீங்க? செஞ்சு காட்டுங்க. அப்படியே, ஒண்ணையும் மாத்தாம."

வாத்தியார் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூச்சத்தோடு வண்டியை ஸ்டாண்டில் போட்டு இறங்கினார். சாவியைத் திருப்பாமல் விட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி இடது கைப்பிடியில் மாட்டினார். ஹெல்மெட் சரிந்து பொத்தானை அழுத்தியது. ஹாரன் அலறியது.

வயர்க்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "சாவியை எடுங்க. ஹெல்மெட்டை வலது பக்கம் மாட்டுங்க. டப்பாவைக் கீழ வச்சுடுங்க சார், இதுல போட ஒண்ணுமில்ல."